பிடித்தல், அடித்தல், ஒப்படைத்தல்: மரக்காணம் உப்பளக் கரையை முன்வைத்துத் தனியாள் கைதின் சட்ட வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

காவல்துறையைச் சாராத ஒருவர் குற்றவாளியைக் கைது செய்யும் அதிகாரம் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மிகக் குறுகிய அளவிலேயே இடம்பெற்றுள்ளது. வழக்கிலோ அது பிடித்தல், அடித்தல், ஒப்படைத்தல் என்னும் மூன்று வினைகளின் தொடராக நிலைபெற்றிருக்கிறது. 1816ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஒழுங்குவிதி முதல் 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வரையிலான மாற்றங்களை, மரக்காணத்தை அடுத்த அனுமந்தைப் பகுதியின் உப்பளம், மீன்பிடி ஆகிய வாழ்வியற் சூழல்களோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஊர் கையிலிருந்த தண்டிக்கும் அதிகாரத்தைச் சட்டம் படிப்படியாக விலக்கிய போதும் வழக்கு அதனை விலக்கவில்லை என்பதும், அந்த இடைவெளியின் சுமை சமூகப் படிநிலையின் கீழ்த்தளத்தில் உள்ளோர் மீதும் அயலார் மீதும் விழுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: தனியாள் கைது, காவல், மரக்காணம், உப்புச் சட்டம், சிறைபிடிப்பு, தர்ம அடி

1. முன்னுரை

தமிழ் நாளிதழ்களின் குற்றச் செய்திகளில் நிலைத்துவிட்ட ஒரு வாய்பாடு உண்டு. திருட வந்தவரைப் பொதுமக்கள் மடக்கிப் பிடித்து, தர்ம அடி கொடுத்து, போலீசாரிடம் ஒப்படைத்தனர் என்பது அது. ஊரும் நாளும் மாறினாலும் வாய்பாடு மாறுவதில்லை. இதிலுள்ள மூன்று வினைகளுள் முதலாவதும் மூன்றாவதும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சட்டத்தால் ஏற்கப்படுகின்றன. இரண்டாவது வினை எந்த நிபந்தனையிலும் ஏற்கப்படுவதில்லை. அது தன்னளவிலேயே குற்றம். ஆயினும் செய்தி மொழி அதனைக் குற்றமாகக் குறிப்பதில்லை. ‘தர்மம்’ என்னும் அடைமொழி கொடையையும் அறத்தையும் ஒருங்கே உணர்த்துவதால், அடித்தவர் செயல் ஊருக்குச் செய்த நற்பணி போலத் தோற்றம் பெறுகிறது.

இந்த இடைவினை எங்கிருந்து வந்தது? அது வெறும் கும்பல் வெறியா, அல்லது ஒரு காலத்தில் சட்டமே ஊருக்கு அளித்திருந்த அதிகாரத்தின் எச்சமா? இவ்வினாவை விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியைச் சார்ந்த அனுமந்தைக் கரையை முன்வைத்து இக்கட்டுரை அணுகுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, புதுச்சேரிக்கு வடக்கே அமைந்த இச்சிற்றூரைச் சூழ்ந்த பகுதியில் உப்பளமும் மீனவர் குப்பமும் வேளாண் நிலமும் அருகருகே உள்ளன. அரசின் உப்புச் சட்டம், ஊரின் காவல், கடலின் வழக்காறு ஆகிய மூன்றும் சந்தித்த கரை இது. ஆதலால் ‘யார் யாரைப் பிடிக்கலாம்’ என்னும் வினாவின் வரலாற்றை இங்கிருந்து தெளிவாகக் காண இயலும்.

2. காவலும் தண்டனையும் ஒரே கையில்

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பயின்று வருகிறது. ஊரைக் காக்கும் உரிமையையும் அதற்காகப் பெறும் வரியையும் அது குறித்தது. பிற்காலக் காவல் முறையிலும் இவ்விரட்டைத் தன்மை தொடர்ந்தது. காவல்காரர் ஊராரிடம் காவல் கூலி பெற்றார். களவு நேர்ந்தால் பொருளை மீட்டுத் தரவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டிருந்தார். பிடிப்பது இங்கு உரிமை என்பதைவிட ஒரு பொறுப்பாகவே இருந்தது. பிடித்தவரை என்ன செய்வது என்பதும் பெரும்பாலும் ஊர் அளவிலேயே முடிவாயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி இம்முறையை முற்றிலும் அகற்றாமல் தன் நிருவாகத்துக்குள் எடுத்துக்கொண்டது. தாமஸ் மன்றோ முன்னின்ற சீர்திருத்தங்களின் விளைவாக வெளிவந்த 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, கிராமத் தலைவரை ஊர்க் காவலின் பொறுப்பாளராக்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பிடித்து மேலதிகாரிக்கு அனுப்புவது அவர் கடமை. தலையாரி அவருக்குத் துணை. ஆனால் அவ்விதி இத்துடன் நிற்கவில்லை. வசைமொழி, சிறு கைகலப்பு போன்றவற்றில் ஈடுபட்டோரை 12 மணி நேரம் வரை ஊர்ச் சாவடியில் அடைத்துவைக்கக் கிராமத் தலைவருக்கு அதிகாரம் தந்தது. குற்றம் செய்தவர் ‘கீழ்ச் சாதியினர்’ ஆயின் அவரை 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் பூட்டிவைக்கலாம் என்றும் கூறியது.

இவ்விதியில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியன. முதலாவது, பிடித்தல், தண்டித்தல், ஒப்படைத்தல் ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்தன. இரண்டாவது, தண்டனையின் வடிவம் பிடிபட்டவரின் சாதியால் தீர்மானிக்கப்பட்டது. ஒரே சிறு குற்றத்துக்கு ஒருவருக்குச் சாவடி, மற்றவருக்குத் தொழுமரம். பின்னாளில் சட்டம் இந்த வேறுபாட்டைக் கைவிட்டது. ஊரின் கை அதனை எளிதில் கைவிடவில்லை என்பதைப் பின்னர் வரும் சான்றுகள் காட்டும்.

3. சட்டம் வினைகளைப் பிரித்தல்: 1855–1898

வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்ததன் விளைவை 1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிக்கொணர்ந்தது. கிட்டி பூட்டுதல், அண்ணாந்தாள் முதலிய கொடுமைகள் வரி பெறவும் ஒப்புதல் வாக்குமூலம் பெறவும் கையாளப்பட்டதை அக்குழு பதிவு செய்தது. அதன் பின் வந்த 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல்துறையை உருவாக்கியது. 1860இல் இந்திய தண்டனைச் சட்டமும் அடுத்த ஆண்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இயற்றப்பட்டன. பிடிப்பவர், விசாரிப்பவர், தண்டிப்பவர் ஆகியோர் வெவ்வேறு ஆட்களாக இருத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு இவற்றின் வழியே வலுப்பெற்றது.

இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபில், கூக்குரல் கேட்ட ஊரார் அனைவரும் குற்றவாளியைத் துரத்திப் பிடிக்கக் கடமைப்பட்டிருந்தனர். 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் அதனை வலியுறுத்தியது. முறையான காவல்துறை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவான கடமை அது. இந்தியச் சட்டத்தில் இதற்கு நிகரான ஏற்பாடு வந்தபோது காவல்துறை முன்னரே நிறுவப்பட்டிருந்தது. எனவே இங்கு அது கடமையாக இல்லாமல், கட்டுப்படுத்தப்பட்ட விதிவிலக்காக அமைந்தது. 1882, 1898 ஆகிய ஆண்டுகளின் நடைமுறைச் சட்டங்கள் இரண்டிலும் 59ஆம் பிரிவு இதனைக் கூறியது. தன் கண்முன்னே பிணையில் விட இயலாததும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைச் செய்பவரையோ, அறிவிக்கப்பட்ட தலைமறைவுக் குற்றவாளியையோ தனியாள் ஒருவர் கைது செய்யலாம். செய்தபின் தேவையற்ற காலதாமதமின்றிக் காவல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். ஊர்த்தலைவரிடம் 1816இல் இருந்த மூன்று வினைகளுள் நடுவிலுள்ளது இங்கே முற்றிலும் இல்லை.

4. ஒரே உப்பு, இரண்டு சட்டம்

இப்பிரிப்பு அன்றாட வாழ்வில் எவ்வாறு இயங்கியது என்பதை உப்பு தெளிவுபடுத்துகிறது. சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டு முதல் உப்பு, அரசின் தனியுரிமைப் பொருளானது. பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்கள் இவ்வமைப்புக்குள் வந்தன. பிரெஞ்சுப் புதுச்சேரி அருகிலிருந்தமை இக்கரைக்குத் தனிச் சிக்கலைத் தந்தது. ஒரே கடல்நீரிலிருந்து விளையும் உப்பு எல்லைக்கு அப்பால் வேறு விலையில் கிடைத்தால் தனியுரிமை நிலைக்காது. 1815ஆம் ஆண்டின் ஆங்கில–பிரெஞ்சு உடன்படிக்கை பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமையை ஆங்கிலேயருக்கு அளித்தது. 1818இல் ஏற்பட்ட மறு உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 4000 நட்சத்திரப் பகோடா ஈட்டுத்தொகைக்கு மாற்றாக அங்கு உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது.

1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் அனுமதியின்றி உப்பு எடுத்தலையும் விளைவித்தலையும் குற்றமாக்கி, கைது, சோதனை ஆகிய அதிகாரங்களை உப்பு வருவாய் அலுவலர்களிடம் அளித்தது. இதன் விளைவாக ஒரே பொருளைப் பற்றி இருவகைக் குற்றங்கள் உண்டாயின. உப்பளத்தில் அம்பாரமாகக் குவிக்கப்பட்ட உப்பை ஒருவர் இரவில் அள்ளிச் சென்றால் அது தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவின்படி களவு. களவு பிணையில் விட இயலாத குற்றமாதலால், நேரில் கண்ட எவரும் அவரைப் பிடிக்கலாம். கழிமுகத்துச் சேற்றில் வெயிலில் தானே பூத்த உப்பைச் சுரண்டி எடுத்தாலோ, அது உப்புச் சட்டக் குற்றம். குறுகிய காலச் சிறைத் தண்டனைக்குரிய அவ்வகைக் குற்றம் பிணையில் விடத்தக்கதாதலால் 59ஆம் பிரிவின் எல்லைக்குள் அது வரவில்லை. அதற்கு உப்பு இலாகாவின் சேவகரே வர வேண்டும்.

தன் உடைமை என்று ஊரார் ஏற்கும் பொருளைக் காக்க ஊராரையே அரசு நம்ப முடிந்தது. அரசின் வருவாய்க்காக மட்டுமே குற்றமாக்கப்பட்ட செயலைத் தடுக்கத் தனி இலாகா தேவைப்பட்டது. எந்தச் செயலைக் குற்றமென ஊர் உணர்கிறதோ அதில்தான் தனியாள் கைது இயங்கும். சட்டம் மட்டுமே குற்றமெனக் கூறும் இடத்தில் அது இயங்காது.

5. 1930: பிடிக்க மறுத்த ஊர்கள்

இதற்கு உறுதியான சான்று உப்பு அறப்போர். ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியில் புறப்பட்டு, ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்து, ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்தனர். ராஜாஜி கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இப்பயணத்தின்போது தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் ஜே. ஏ. தார்ன், தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ தருவோர் ஆறு மாதச் சிறைக்கும் அபராதத்துக்கும் உள்ளாவர் என எச்சரித்தார். சட்டவிரோதக் கூட்டத்துக்காக அமர்த்தப்பட்டோருக்கு அடைக்கலம் தருதலைப் பற்றிய தண்டனைச் சட்டப் பிரிவு இதற்குக் கருவியாயிற்று.

தார்னின் ஆணை ஊராரைக் கைது செய்யச் சொல்லவில்லை, கைவிடச் சொன்னது. ஆயினும் நோக்கம் ஒன்றுதான்: அரசின் குற்றவாளியை ஊரின் குற்றவாளியாக மாற்றுவது. மக்கள் மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டிவைத்துத் தொண்டர் பசியாற்றினர் என்பது அப்போராட்ட வரலாற்றில் பதிவான செய்தி. வேதாரண்யத்தில் காவலர் ஒருவருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்ற வைரப்பனின் நினைவும் அங்குப் போற்றப்படுகிறது. 1931 மார்ச் 5ஆம் நாளின் காந்தி–இர்வின் உடன்பாடு, உப்பு விளையும் இடங்களை அடுத்து வாழ்வோர் தம் தேவைக்கும் தம் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுக்க இசைவளித்தது. 1947இல் உப்பு வரி நீக்கப்பட்டது. ஊர் குற்றமென ஏற்காத ஒன்றைச் சட்டமும் நாளடைவில் குற்றப்பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது.

எனினும் இந்நிகழ்வை ஊரின் அறவுணர்வுக்கான முழுமையான சான்றாகக் கொள்வது பொருந்தாது. அறமென உணர்ந்த இடத்தில் பிடிக்க மறுத்த ஊர்தான், தன் பார்வையில் அயலார் எனத் தோன்றியவரைச் சட்டம் கடந்தும் பிடித்திருக்கிறது.

6. இன்றைய சட்டத்தின் எல்லைகள்

விடுதலைக்குப் பின் வந்த 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் 43ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 40ஆம் பிரிவும் தனியாள் கைதைக் கூறுகின்றன. ‘தன் கண்முன்னே’ என்றிருந்த பழைய தொடர் 1973இல் ‘தன் முன்னிலையில்’ என மாறியது. புதிய சட்டம், தேவையற்ற தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்பதோடு, கைதிலிருந்து 6 மணி நேரத்துக்குள் என்னும் வரம்பையும் சேர்த்தது. ஆறு மணி நேரம் என்பது வைத்திருக்கத் தரப்பட்ட அனுமதி அன்று; கடக்கக் கூடாத எல்லை மட்டுமே. நெடுஞ்சாலையை ஒட்டிய அனுமந்தை போன்ற ஊரில் ஒருவரை ஐந்து மணி நேரம் வைத்திருப்பதும் தேவையற்ற தாமதமாகவே கருதப்படலாம்.

இவ்வதிகாரத்தின் எல்லைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். முதலாவதாக, குற்றம் கைது செய்பவரின் முன்னிலையில் நிகழ வேண்டும். ஐயமோ, பிறர் சொன்ன தகவலோ, கைப்பேசியில் வந்த செய்தியோ போதாது. காவல் அலுவலர் நியாயமான ஐயத்தின் பேரில் கைது செய்யலாம். தனியாள் செய்ய இயலாது. இரண்டாவதாக, குற்றம் இருவகைத் தன்மையையும் ஒருங்கே பெற்றிருக்க வேண்டும். அத்துமீறி நுழைதல் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதே. ஆனால் பிணையில் விடத்தக்கது. ஆகவே உப்பளத்துக்குள் இசைவின்றி நுழைந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை ஊரார் கைது செய்ய முடியாது.

மூன்றாவதாக, உடலைச் சோதனையிடும் அதிகாரம் தனியாளுக்கு இல்லை. தனியாள் கைது செய்தால், அவரிடமிருந்து பொறுப்பேற்கும் காவல் அலுவலரே சோதனையிடலாம். ஆபத்தான ஆயுதம் இருந்தால் அதனை மட்டும் பறிக்கலாம். நான்காவதாக, கைதுக்கான காரணத்தைப் பிடிபட்டவரிடம் உடனே கூறும் கடமை காவலருக்கு மட்டுமன்றிக் கைது செய்யும் பிறருக்கும் உண்டு. ஐந்தாவதாக, தப்பிச் செல்லாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. பிடிபட்டபின் அடிப்பது, கட்டிவைப்பது, படம் எடுத்துப் பரப்புவது ஆகியவற்றுக்கு இவ்வதிகாரத்தில் இடமில்லை. ஆறாவதாக, ஒப்படைத்தபின் காவல் அலுவலர் தாமே ஆராய்ந்து மீண்டும் கைது செய்வார்; குற்றம் நிகழ்ந்ததாகக் கருதப் போதிய காரணம் இல்லையெனில் உடனே விடுவிப்பார்.

2024இல் நிகழ்ந்த மற்றொரு மாற்றம் போதிய கவனம் பெறவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு, 5000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதன்முறை களவாடியவர் பொருளைத் திருப்பித் தந்தால் சமூகப் பணியையே தண்டனையாக்குகிறது. நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணை இத்தகைய சிறு களவைப் பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாததும் பிணையில் விடத்தக்கதுமான குற்றமாக வகைப்படுத்துகிறது. ஒரு மூட்டை உப்பின் விலை 5000 ரூபாயை எட்டாது. எனவே 1882 முதல் 2024 வரை உப்பளத்து மூட்டையோடு பிடிபட்டவரை நேரில் கண்டவர் கைது செய்ய முடிந்தது. இன்று அவ்வதிகாரம் ஐயத்துக்குரியது. தேங்காய், மீன், கோழி, கைப்பை என ஊர்ப்புறத்தில் ‘கையும் களவுமாகப் பிடிபடும்’ நிகழ்வுகளுள் பெரும்பகுதி இப்போது தனியாள் கைதின் எல்லைக்கு வெளியே சென்றுவிட்டது. நாளிதழ் வாய்பாட்டின் முதல் வினையும் இவ்வாறு சட்டத்தின் பாதுகாப்பை இழந்து வருகிறது.

பிழையாகப் பிடித்தவர் எதிர்கொள்ளும் இடர்களும் சிறியன அல்ல. தவறான தடுப்பு, தவறான அடைத்துவைப்பு ஆகியன தனிக் குற்றங்கள்; உரிமையியல் வழக்கும் தொடரலாம். நல்லெண்ணத்தோடு நிகழ்வைத் தவறாகப் புரிந்துகொண்டவருக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்பளித்தது. கொலை போலத் தோன்றிய செயலைக் கண்டு, செய்தவரைப் பிடித்து அதிகாரிகளிடம் ஒப்படைக்க முயன்றவர், அது தற்காப்பாக இருந்தது எனப் பின்னர் தெரியவந்தாலும் குற்றவாளியல்லர் என்பதே அப்பிரிவின் எடுத்துக்காட்டு. புதிய சட்டமும் இதனைத் தக்கவைத்துள்ளது. ஆனால் இப்பாதுகாப்பு நிகழ்வைப் பற்றிய பிழைக்கே உரியது; சட்டத்தைப் பற்றிய பிழைக்கு உரியதன்று. பிணையில் விடத்தக்க குற்றத்தை அவ்வாறல்ல என எண்ணிப் பிடித்தவர் இதனுள் அடைக்கலம் தேட இயலாது. மேலும், பொது ஊழியருக்கு எதிராகத் தற்காப்புரிமைக்கு உள்ள கட்டுப்பாடு தனியாளுக்கு எதிராக இல்லை. சட்டத்துக்குப் புறம்பாகப் பிடிக்கப்படுபவர் திமிறித் தாக்கினால் அது அவருடைய உரிமையாகிவிடக் கூடும்.

தற்காப்புரிமையும் தனியாள் கைதும் வேறு வேறு என்பதும் இங்குக் கருதத்தக்கது. ஒருவர் உடலையோ உடைமையையோ காக்க, தாக்குபவரைத் தடுக்கும் உரிமை அனைவருக்கும் உண்டு. பிறரைக் காக்கவும் அது பொருந்தும். ஆனால் ஆபத்து நீங்கிய கணமே அவ்வுரிமை முடிகிறது. கட்டிவைக்கப்பட்ட ஒருவரை அடிப்பது எவ்வகையிலும் தற்காப்பு ஆகாது.

7. கடலில் சிறைபிடிப்பு

இதுவரை கண்டது நிலத்தின் நிலை. அனுமந்தைப் பகுதியின் மீனவர் குப்பங்களுக்குக் கடலிலும் இதே சிக்கல் உண்டு. விசைப்படகுகள் பெருகியதிலிருந்து சோழமண்டலக் கரையில் நாட்டுப்படகு மீனவர்க்கும் விசைப்படகினர்க்கும் இடையே மோதல் தொடர்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியே கரையை ஒட்டிய 3 கடல்மைல் பரப்பு நாட்டுப்படகினருக்கு ஒதுக்கப்பட்டது. படகில் ஏறிச் சோதனையிடவும் அதனைக் கைப்பற்றவும் அதிகாரம் பெற்றவர்கள் அரசால் அமர்த்தப்பட்ட அலுவலர்கள் மட்டுமே.

நடைமுறையில், எல்லை மீறிய படகைக் குப்பத்தார் சூழ்ந்து கரைக்குக் கொணர்ந்து, ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம் பேசி விடுவிக்கும் வழக்கம் இக்கரையில் நெடுங்காலமாக உள்ளது. மார்ட்டின் பாவிங்க் முதலிய ஆய்வாளர்கள் இதனை மீனவர் தம் சட்டமரபாகவே விளக்கியுள்ளனர். சுருக்குமடி வலை பற்றிய பூசலிலும் இது வெளிப்பட்டது. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்ட இவ்வலையை, 12 கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில் மட்டும் பயன்படுத்த 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால இசைவு வழங்கியது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு படகு 12 கடல்மைலுக்கு உள்ளா, வெளியா என்பதே தெரியாது.

இவ்வழக்கத்துக்குச் செய்தியாளர் வழங்கும் பெயர் ‘சிறைபிடிப்பு’. சட்டக் கண்ணோட்டத்தில் மீன்பிடி எல்லையை மீறுதல் தனியாள் கைதுக்குரிய குற்றம் அன்று. படகில் உள்ளோரைத் தடுத்துவைத்தல் தவறான அடைத்துவைப்பாகும். பணம் தந்தால்தான் விடுவோம் என்பது பொருள் பறிப்பதற்காக அடைத்துவைத்தல் என்னும் கடுமையான குற்றமாகவும் மாறக் கூடும். ஆயினும் இதனை வெறும் சட்டமீறலாகக் கருதித் தள்ளிவிட முடியாது. நாட்டுப்படகு மீனவரின் வலை அறுபடும்போது அலுவலர் படகு அங்கு இருப்பதில்லை. சட்டம் அளித்த 3 கடல்மைல் பரப்பை நடைமுறைப்படுத்த ஆளில்லாத நிலையே சிறைபிடிப்பைப் பிறப்பிக்கிறது. ஒப்படைப்பதற்கு எதிரே ஒருவர் இல்லாதபோது, பிடித்தல் தானாகவே தண்டித்தலாக மாறுகிறது.

8. இடைவினையின் விலை

ஒப்படைக்கக் காவல்துறை அருகிலிருந்தும் அடி விழுந்த நிகழ்வுகளே மிகுதி. 2018 மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் வருவதாகக் கைப்பேசிகளில் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்திருந்த சென்னை மூதாட்டி ஒருவர் ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். பழவேற்காட்டிலும் ஒருவர் அவ்வாறே இறந்தார். இவ்விடங்களில் எவரும் எந்தக் குற்றத்தையும் நேரில் காணவில்லை. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பிற தீய நோக்கங்கள் சேராத எளிய ஆள்கடத்தல், சட்ட அட்டவணையின்படி பிணையில் விடத்தக்க குற்றமே. குழந்தையைக் காக்கத் தற்காப்புரிமை உண்டு. குழந்தை மீட்கப்பட்டபின் கடத்தியவரை வைத்திருக்கும் தனியாள் அதிகாரம் ஐயத்துக்குரியது. ஊர் மிகுந்த உறுதியோடு கைவைக்கும் இடத்தில்தான் சட்டத்தின் துணை மிகக் குறைவாக உள்ளது.

அதே ஆண்டு பிப்ரவரி 22 அன்று கேரளத்தின் அட்டப்பாடியில், உணவுப்பொருள் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பழங்குடி இளைஞர் ஒருவரை ஊரார் காட்டில் பிடித்து, கைகளைக் கட்டி, அடித்து, படம் எடுத்து, காவல்துறையிடம் ஒப்படைத்தனர். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகளெனக் கண்டது. மூன்று வினைகளும் வரிசை மாறாமல் நிகழ்ந்த வழக்கு இது. ஒப்படைத்தல் நிகழ்ந்தமை அடித்தலைத் துடைக்கவில்லை.

அனுமந்தை அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே 2020 பிப்ரவரியில், வயலோரம் ஒதுங்கிய பட்டியல் சாதி இளைஞர் ஒருவர் கைகள் கட்டப்பட்டுத் தாக்கப்பட்டு உயிரிழந்தார். சாவடிக்கும் தொழுமரத்துக்கும் இடையே சாதியைக் கொண்டு வேறுபாடு செய்த 1816ஆம் ஆண்டு விதியை இங்கு நினைவுகூர்தல் தகும். இன்றைய சட்டம் ‘தனியாள்’ என்று சாதியற்ற ஒருவரைப் பேசுகிறது. ஊர்த்தெருவில் பிடிப்பவருக்கும் பிடிபடுபவருக்கும் சாதி உண்டு, ஊர் உண்டு, மொழி உண்டு. யாரை ‘மடக்குவது’, யாரிடம் ‘விசாரிப்பது’ என்பதை அவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 1863ஆம் ஆண்டின் குடிமக்கள் கைதுச் சட்டம், சாலையில் ஓடிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர் ஒருவர் 2020இல் துரத்திக் கொல்லப்பட்ட வழக்கில் எதிரிகளால் கேடயமாகக் காட்டப்பட்டது. அம்மாநிலம் 2021 மே மாதத்தில் அச்சட்டத்தையே நீக்கியது.

2018 ஜூலை 17 அன்று தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், கும்பல் வன்முறையைத் தடுக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத பொறுப்பு அலுவலரை அமர்த்தப் பணித்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு, இனம், சாதி, மொழி, பிறந்த இடம் முதலியவற்றின் அடிப்படையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிச் செய்யும் கொலைக்குத் தனித் தண்டனை வகுத்துள்ளது.

அரசும் தன் அதிகாரத்தைத் தனியாருக்குக் கடன் கொடுத்துச் சூடுபட்டிருக்கிறது. 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவிய ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பு, 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களை ஒட்டி அதன் உறுப்பினர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளின் பின்னணியில் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக அமர்த்தி மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பயன்படுத்தியதை 2011இல் நந்தினி சுந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது.

9. முடிவுரை

இருநூறாண்டு வரலாறு ஒரே திசையில் நகர்ந்துள்ளது. 1816இல் ஊர்த்தலைவரிடம் இருந்த மூன்று வினைகளுள் தண்டித்தல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சட்டத்தால் விலக்கப்பட்டது. பிடித்தல் நேரில் கண்ட கடுங்குற்றங்களுக்கு எனக் குறுக்கப்பட்டு, 2024இல் மேலும் குறுகியது. பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளும் 1980இல் ஒழிக்கப்பட்டன. எஞ்சி நிற்பது ஒப்படைத்தல் ஒன்றே. அவ்வகையில் தனியாள் கைது என்பது குடிமக்களுக்குத் தரப்பட்ட அதிகாரம் என்பதைவிட, காவலர் வந்து சேரும்வரை ஒருவரின் உயிரையும் உடலையும் பொறுப்பேற்கும் கடமை என்றே கொள்ளத்தக்கது. பிடித்த கணம் முதல் ஒப்படைக்கும் கணம் வரை பிடிபட்டவரின் பாதுகாப்புக்குப் பிடித்தவரே பொறுப்பாளி.

வழக்கோ இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. அதனை மாற்றுவதில் சட்டத்துக்கு மட்டுமன்றி மொழிக்கும் பங்குண்டு. ‘தர்ம அடி’ என்று அச்சிடப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு குற்றம் நற்செயலாகப் பதிவாகிறது. இந்த வாய்பாடு தமிழ் இதழியலில் எப்போது, எவ்வாறு நிலைபெற்றது என்பதும், மீனவர் சிறைபிடிப்பு வழக்காற்றைக் கடலோர நிருவாகம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதும் விரிவான தனி ஆய்வுகளுக்கு உரியன. மரக்காணம் கரையின் உப்பளத் தொழிலாளியும் மீனவரும் ஒரு நாள் பிடிப்பவராகவும் மறுநாள் பிடிபடுபவராகவும் இருக்கக் கூடியவர்கள். சட்டத்தின் எல்லை அவர்களுக்குத் தெரிந்திருப்பது இரு நிலையிலும் அவர்களைக் காக்கும்.